ஒரு நூல் இடைவெளி

டெல்ஃபினோ ஆர்ச்சிபெக் தன் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தெட்டாம் வருடத்துச் செவர்லே காரின் கதவுகளைப் பின்பக்கமாகத் திருப்பி மாட்டப் போகிறார் என்ற செய்தி எஸ்பனோலா ஊரில் பரவியபோது, மனிதருக்குப் புத்தி பிசகிவிட்டது என்றுதான் பலரும் பேசிக்கொண்டார்கள். அடுத்தவர் வண்டிகளை அவர் எப்படி வேண்டுமானாலும் வெட்டுவார், ஒட்டுவார், கூரையைத் தாழ்த்துவார். தன் வண்டியில் மட்டும் ஒரு திருகாணியைக்கூட இடம் மாற்றியதில்லை. கல்யாணமான அன்று தேவாலயத்திலிருந்து மனைவியை ஏற்றிக்கொண்டு வந்த வண்டி அது. நாற்பத்தொரு வருடமாக அப்படியே வைத்திருந்தார்.

முப்பது வருடம் மலைமேல் இருக்கும் ஆய்வுக்கூடத்தில் தகடு வேலை பார்த்தவர். விடியுமுன் பஸ் ஏறிப் போய் இருட்டும்போது இறங்குவார். சனி, ஞாயிறு வீட்டுக் கொட்டகையில் டிங்கரிங். அவர் மாட்டிய கதவில் இரண்டு ஐந்து சென்ட் நாணயங்களைச் சேர்த்துப் பிடித்து இடுக்கில் வைத்தால், மேலிருந்து கீழ்வரை எங்கும் இடிக்காமல், எங்கும் தளராமல் இறங்கும். பேச்சு குறைவு. யாராவது புகழ்ந்தால் துணியை எடுத்துக் கையைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார்.

பேச்செல்லாம் மனைவி ஒர்லிண்டாவுடையது. பள்ளிக்கூடச் சமையலறையில் இருபத்தாறு வருடம் வேலை செய்தவள். ஊரில் பாதிப் பேர் அவள் கையால் பீன்ஸ் வாங்கித் தின்று, அவள் வாயால் திட்டும் வாங்கி வளர்ந்தவர்கள். அறுபத்து நான்காவது வயதில், ஒரு நவம்பர் மாதம், அவள் கையிலிருந்து கரண்டி நழுவத் தொடங்கியது. ஆல்புகர்க்கியில் டாக்டர் நிதானமாகச் சொன்னார்: தசைகள் ஒவ்வொன்றாக வேலையை நிறுத்தும். கால், கை, கழுத்து. கடைசியில் மூச்சு. மருந்து என்று பெரிதாக ஒன்றுமில்லை.

ஜனவரிக்குள் சக்கர நாற்காலி வந்துவிட்டது. நாற்காலியோடு தூக்கி ஏற்றும் வேன் ஒன்றை மாவட்டத்திலிருந்து அனுப்பினார்கள். இரண்டு முறை அதில் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த பிறகு ஒர்லிண்டா சொன்னாள்: "சாமான் மாதிரிப் பின்னாடி கட்டிப் போடறானுங்க. எனக்கு முன் சீட்டு வேணும், கிழவா. நம்ம வண்டியில. ஒரு ஞாயித்துக்கிழமை, பூசை விட்டு எல்லாரும் வண்டி ஓட்டிட்டுப் போற நேரத்துல, ஆத்தோர ரோட்டுல ஒரு ரவுண்டு. அவ்ளோதான். அதுக்கப்புறம் அந்த வேன்ல எங்க வேணா கட்டிக் கொண்டு போ."

மறுநாளே முயன்று பார்த்தார்கள். கதவு முன்பக்கக் கீலில் திறந்து நின்றது. அவளைத் தூக்கி உள்ளே நகர்த்தியபோது முழங்கால் மடங்கவில்லை, கால் வாசலின் முன்தூணில் சிக்கிக்கொண்டது. அவரும் அவளும் சேர்ந்து சரளைக்கல்லில் விழுந்தார்கள். முதலில் சிரித்தது அவள்தான். "பக்கத்து வீட்டுக்காரன் பார்த்தா என்ன நெனப்பான், இந்த வயசுல?" பிறகு அவளே அழுதாள். அவளைத் தூக்கி நாற்காலியில் உட்கார வைப்பதற்குள் அவருக்கு மூச்சு வாங்கியது.

அதற்குப் பின்தான் அவர் வண்டியின் முன்னால் நின்று யோசித்தார். கீல் பின்பக்கம் இருந்தால் கதவு பின்னால் ஒதுங்கும். முன்பக்கம் முழுக்கத் திறப்பாகிவிடும். அவள் முதுகைத் திருப்பி, நாற்காலியில் உட்காருகிற மாதிரி சீட்டில் உட்காரலாம். கால்களைக் கடைசியாகத் திருப்பி வைத்தால் போதும்.

ஒர்லிண்டாவின் தங்கை வயோலாவின் கணவன் எலோய், பெயின்ட் வேலைக்காரன். கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"சகலை, அந்தக் கதவுக்கு நம்ம பசங்க வச்சிருக்கற பேரு தெரியும்ல? ஓடும்போது தாழ் விட்டுச்சுன்னா காத்து அப்படியே பிடுங்கிட்டுப் போயிடும்."

"ரெண்டாவது தாழ் ஒண்ணு போடறேன்."

"தற்கொலைக் கதவுன்னு சத்தமாவே சொல்லு, எலோய்," என்று ஜன்னலுக்குள்ளிருந்து ஒர்லிண்டா கத்தினாள். "எனக்கென்ன பயம்? காத்து முந்திக்கிட்டா டாக்டர்தான் ஏமாந்து போவாரு."

பிப்ரவரியில் வேலை தொடங்கியது. சாதாரண வேலையில்லை. கதவின் கனத்தை இனி வாசலின் பின்னோரத்து நடுத்தூண் தாங்க வேண்டும். அது அதற்காகப் பிறந்த தூண் அல்ல. உள்ளே கனத்த இரும்புத் தகடு வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். வெட்டும்போது வண்டியின் உடம்பு கோணிவிடாமல் இருக்க, வாசலுக்குக் குறுக்கே கம்பி வைத்துப் பற்றவைக்க வேண்டும். இரண்டு கீல்களும் ஒரே செங்குத்துக் கோட்டில் நிற்க வேண்டும். தாழ் முன்தூணுக்கு இடம் மாற வேண்டும்.

டெல்ஃபினோ ஓட்டுநர் பக்கத்துக் கதவை முதலில் எடுத்தார்.

ஒர்லிண்டா கொட்டகை வாசலில் நாற்காலியில் இருந்தாள். மடியில் கம்பளி. "நான் அந்தப் பக்கமா உக்காரப் போறேன்?"

"உன் கதவுல தப்பு பண்ணிடக் கூடாதில்ல. இது பழகிக்கறதுக்கு."

"நல்லவேளை. முதல்ல என் தங்கச்சியைக் கட்டிப் பழகிக்கிட்டு அப்புறம் என்னைக் கட்டறேன்னு சொல்லாம விட்டியே."

"ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தாத்தானே வண்டி. ஒத்தைக் கதவைத் திருப்பி வச்சா பார்க்கறவன் சிரிப்பான்."

"சிரிக்கட்டுமே. நானும் சேர்ந்து சிரிக்கறேன்."

அந்தக் கதவு முடிய ஏப்ரல் கடைசி ஆனது. அதற்குள் ஒர்லிண்டாவின் வலது கை படுத்துவிட்டது. வயோலா தினமும் வந்து ஊட்டினாள். டெல்ஃபினோ மனைவி பக்கத்துக் கதவைக் கழற்றினார். முட்டிவலி அதிகமாகியிருந்ததால் குனிந்து வேலை செய்ய முடியவில்லை. வண்டியை ஜாக்கியால் உயர்த்தி ஸ்டாண்டுகளில் நிறுத்திவிட்டு, முக்காலியில் உட்கார்ந்து வேலை செய்தார்.

அதில்தான் தப்பு நடந்தது. வண்டி சக்கரத்தில் நிற்கும்போதுதான் கதவு பொருத்த வேண்டும் என்று நாற்பது வருடமாக எத்தனையோ பேருக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர். ஸ்டாண்டில் இருக்கும்போது உடம்பு ஒருவிதமாக நிமிர்ந்திருக்கும். தன் கனத்தில் இறங்கி உட்கார்ந்ததும் வேறு விதமாகத் தளரும். தெரிந்தும் செய்தார். நாள் போய்க்கொண்டிருந்தது. சட்டம் கெட்டியான வண்டி, ஒன்றும் ஆகாது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார்.

ஜூலை கடைசியில், மழை விட்ட ஒரு மாலையில் வண்டியைத் தரையில் இறக்கினார்கள். எலோய் ஜாக்கியை இழுத்தான். டெல்ஃபினோ கதவைச் சாத்தி இரண்டு நாணயங்களை இடுக்கில் வைத்தார். முக்கால் உயரம்வரை அளவாக இருந்தது. முன்பக்க மேல் மூலையில் நாணயங்கள் ஆடின. கூட ஒரு நூல் இடைவெளி. அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு.

"என்ன?" என்றாள் ஒர்லிண்டா. பேச்சு அப்போதே கொஞ்சம் குழற ஆரம்பித்திருந்தது.

"மூலை விலகியிருக்கு."

"மூடுதா?"

"மூடுது."

"தாழ் விழுதா?"

"விழுது."

"அப்புறம் என்ன? இந்த ஞாயித்துக்கிழமை கிளம்பு."

எலோயும் சொன்னான். "போங்க சகலை. பிரைமரோடவே போங்க. திரும்பி வந்து பார்த்துக்கலாம்."

டெல்ஃபினோ துணியை எடுத்துக் கையைத் துடைத்தார். அந்தச் சாலையில் ஞாயிற்றுக்கிழமை மதியம் எந்தெந்தக் கார்க்காரர்கள் நிற்பார்கள் என்று அவருக்குத் தெரியும். எந்தக் கண் எங்கே போகும் என்றும் தெரியும்.

"ஊரே பார்க்கும், ஒர்லிண்டா."

"ஊரு என்னைப் பார்க்குமா, உன் இடுக்கைப் பார்க்குமா?"

"ரெண்டே வாரம் குடு. அரைகுறை வண்டியில உன்னை உக்கார வச்சுக் கூட்டிட்டுப் போகமாட்டேன்."

"சரி கிழவா. நான்தான் அரைகுறையா இருக்கேன். வண்டியாவது முழுசா இருக்கட்டும்."

அவர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

மேல் கீலின் தகட்டை மறுபடி வெட்டி எடுத்தார். பன்னிரண்டாவது நாள், வயோலா கூழ் ஊட்டிக்கொண்டிருந்தபோது ஒர்லிண்டாவுக்குப் புரை ஏறியது. கூழ் நுரையீரலுக்குள் போய்க் காய்ச்சலாகிவிட்டது. சாந்தா ஃபேயில் ஒன்பது நாள் ஆஸ்பத்திரி. டெல்ஃபினோ கட்டிலோரம் உட்கார்ந்திருந்தார். கொட்டகையில் கதவு தூணை விட்டுத் தனியாகச் சுவரில் சாய்ந்திருந்தது. வீட்டுக்குத் திரும்பியபோது மூச்சுக்கு ஒரு கருவி கூடவே வந்தது. கழுத்து நிற்கவில்லை.

வந்த மறுநாளே அவர் கொட்டகைக்குப் போனார். முடிப்பதைத் தவிர அவருக்குச் செய்யத் தெரிந்தது வேறொன்றும் இல்லை. இப்போது சக்கரத்தின்மேல் நிறுத்தி, தரையில் படுத்து, முட்டியை நினைக்காமல் வேலை செய்தார். மொத்தத்தில் அந்த மூலைக்காக மூன்று வாரம் உழைத்திருந்தார். நாணயங்கள் மேலிருந்து கீழ்வரை ஒரே மூச்சில் இறங்கின. எலோய் இரண்டு நாள் தூங்காமல் பெயின்ட் அடித்தான். பழைய அதே கரும்பச்சை.

செப்டம்பர் முதல் ஞாயிறு. தெருவெல்லாம் மிளகாய் சுடும் வாசனை. வயோலா அக்காவுக்குச் சிவப்பு ரவிக்கை போட்டு, உதட்டுச் சாயம் பூசிவிட்டாள். வண்டி வாசலில் நின்றது. டெல்ஃபினோ கதவைத் திறந்தார். அது அவர் நினைத்தபடியே பின்னால் ஒதுங்கியது. அவரும் வயோலாவும் எலோயும் சேர்ந்து தூக்கினார்கள். முதுகு முதலில், பிறகு இடுப்பு, பிறகு கால்கள். ஒரு இடத்திலும் இடிக்கவில்லை.

ஒர்லிண்டா முன் சீட்டில் உட்கார்ந்திருந்தாள்.

தலை மார்பில் விழுந்தது. அந்தக் காலத்து சீட்டு. தலை சாய்க்க மேலே ஒன்றும் கிடையாது. தலையணை வைத்தார்கள். துணியால் கட்டிப் பார்த்தார்கள். உட்கார்ந்தவாக்கில் நெஞ்சு மடங்கி மூச்சு ஏறவில்லை. டெல்ஃபினோ சுற்றிப் போய் ஓட்டுநர் இடத்தில் ஏறிச் சாவியைத் திருப்பியபோது அவள் உதடு சாயத்துக்கு அடியில் நீலமாகிக்கொண்டிருந்தது.

"அத்தான், வேண்டாம், இறக்குங்க," என்றாள் வயோலா.

இரண்டு நிமிடம் இருக்கும். வண்டி நகரவே இல்லை.

சக்கர நாற்காலியில் சாய்த்து, மூச்சுக் கருவியின் முகமூடியை வைத்த பிறகு மூச்சு சீரானது. கொஞ்ச நேரம் கழித்து அவள் ஏதோ சொன்னாள். டெல்ஃபினோவுக்கு விளங்கவில்லை. வயோலா குனிந்து கேட்டாள்.

"கதவைச் சாத்தச் சொல்றா."

அவர் சாத்தினார். தகடு அதிராமல், கண்ணாடி கலகலக்காமல், கனமான புத்தகத்தை மூடியது போல ஒரு சத்தம்.

"இன்னொரு தரமாம்."

திறந்து சாத்தினார். மூன்றாம் முறையும் சாத்தினார்.

"நல்லா இருக்கு," என்றாள் ஒர்லிண்டா. அது அவருக்கே விளங்கியது. ஆனால் கேலியா, மனசாரச் சொன்னதா என்று தெரியவில்லை. நாற்பத்தொரு வருடத்தில் அவள் சொன்ன எதிலும் அவருக்கு அந்தச் சந்தேகம் வந்ததில்லை. முகமூடிக்குள் உதடு தெரியவில்லை. துணியை எடுத்துக் கையைத் துடைத்தார்.

நவம்பரில் முதல் பனி விழுந்த வாரம் அவள் போனாள்.

அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்தவர்கள் முற்றத்தில் நின்று காப்பி குடித்தார்கள். ஊர் கார்க்காரர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். கொட்டகையில் செவர்லேயைப் பார்த்ததும், தாவோஸ் பக்கத்திலிருந்து வந்த நடுவயதுக்காரர் ஒருவர் அருகே போய்க் குனிந்தார். டெல்ஃபினோவை அவருக்குச் சரியாகத் தெரியாது. விரல் நுனியால் கதவின் இடுக்கை மேலிருந்து கீழ்வரை தடவினார். மறுபடி மேலே போய் மூலையில் நிறுத்தினார்.

"ஐயா, இந்த மூலையில எல்லாருமே கோட்டை விடுவாங்க. எவ்ளோ நாள் ஆச்சு?"

"அந்த மூலைக்கு மட்டும் மூணு வாரம்."

"தகும் ஐயா. மூணு மாசம் ஆகியிருந்தாலும் தகும்."

"தகாது," என்றார் டெல்ஃபினோ.

அடக்கமாகப் பேசுகிறார் என்று நினைத்து அந்த மனிதர் சிரித்தார். இன்னொரு முறை தடவிப் பார்த்துவிட்டுக் காப்பிக் கோப்பையோடு நகர்ந்தார்.

வயோலா கொட்டகை வாசலில் நின்றிருந்தாள். "உள்ள வாங்க அத்தான். காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல நீங்க."

அவர் அசையவில்லை. "அன்னிக்கு அவ கேட்டா, வயோலா."

"தெரியும்."

"மூடுச்சு. தாழ் விழுந்துச்சு. ஒரு நூல்தான்."

"தெரியும் அத்தான்."

நீங்கள் அவளுக்காகத்தானே செய்தீர்கள் என்று காலையிலிருந்து எத்தனையோ பேர் சொல்லிவிட்டார்கள். வயோலா அதைச் சொல்லாமல் அங்கேயே, கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு, அவர் வரும்வரை நின்றாள்.