கலீலா வைக்காத கைநாட்டு

கலீலா மன்னிக்க மாட்டேன் என்று சாதித்தவள் என்றுதான் இன்றைக்கும் ஊரில் பேச்சு. எங்கள் சபை ஆட்களே அப்படிச் சொல்லித் திரிகிறார்கள். சுத்தப் பொய். அன்று அந்தக் கூடத்தில் அவள் பக்கத்தில் நின்றவள் நான்.

கலீலா எனக்கு ஓரகத்தி, என் கணவரின் அண்ணன் மனைவி. நான் இந்தக் குடும்பத்துக்கு வந்தபோது அவளுக்கு முப்பது வயது இருக்கும். கையில் எருமைச் சாணி, வாயில் சங்கீதம். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் வேதாகமத்துச் சங்கீதங்களில் பாதிக்கு மேல் மனப்பாடம். எல்லாவற்றையும் காதால் கேட்டே கற்றவள் என்பதால், யாராவது ஒரு சொல்லை மாற்றிச் சொன்னால் உடனே பிடித்துவிடுவாள். இந்தக் குணத்தால் சந்தையில் அவளுக்கு ஒன்றும் நல்ல பெயர் கிடைக்கவில்லை.

அவள் கணவர் கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து இறந்த பிறகு வீடு அவள் பெயருக்கு மாறியது. எங்கள் ஊரில் தேவாலயம் கிடையாது. அனுமதி கேட்டுப் போட்ட மனு பதினான்கு வருடமாக எந்த மேசையிலோ கிடக்கிறது. பூசைக்குப் பதினொரு கிலோமீட்டர் போக வேண்டும். வயதானவர்கள் மூன்று சக்கர வண்டியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு போய் வருவதைப் பார்த்துப் பார்த்து, கலீலா தன் மாடியைப் பூசைக்கு ஒழித்துக் கொடுத்தாள். வம்பை வீட்டுக்குக் கூப்பிடுகிறீர்களே அண்ணி என்று என் கணவர் அயாத் பதறினார்.

"நான் கூப்பிட்டது ஆண்டவரை. கூட யார் வந்தாலும் வரட்டும்" என்றாள்.

ஐந்து வருடம் ஒன்றும் ஆகவில்லை. பெரிய நோன்பின் மூன்றாவது வெள்ளிக்கிழமை வந்தார்கள். வீட்டைத் தேவாலயமாக மாற்றுகிறார்கள் என்று யாரோ கிளப்பிவிட, நண்பகல் தொழுகை முடிந்த கையோடு இருநூறு பேர் சந்துக்குள் புகுந்தார்கள். கலீலா மொட்டை மாடியில் ரொட்டி மாவைப் பொங்குவதற்காக வெயிலில் வைத்துக்கொண்டிருந்தாள். பெட்ரோல் தகரத்தை ஜன்னலுக்குள் வீசியவனை நேருக்கு நேர் பார்த்தாள். ஷாபான். சுவருக்குச் சுவர் பக்கத்து வீடு. நோன்பு நாட்களில் நாங்கள் பால் தொடுவதில்லை, எங்கள் எருமைப்பால் முழுக்க அவன் வீட்டுக்குத்தான் போகும்.

பீடமும் படங்களும் கோதுமை மூட்டைகளும் எரிந்தன. உயிர்ச்சேதம் இல்லை. போலீஸ் வந்து அவர்களில் ஐந்து பேரைப் பிடித்தது. மறுநாள் கணக்குச் சமமாக வேண்டும் என்று எங்கள் பையன்கள் நான்கு பேரையும் பிடித்தது. அதில் ஒருவன் கலீலாவின் மகன் அபனூப், பத்தொன்பது வயது. அவன் செய்த குற்றம் வாளியில் தண்ணீர் சுமந்தது. பெட்ரோல் ஊற்றியவனுக்கும் தண்ணீர் ஊற்றியவனுக்கும் ஒரே வண்டி, ஒரே விலங்கு.

திங்கட்கிழமை காலை ஊர்த்தலைவர் வீட்டுக் கூடத்தில் சமரசம். சமரசம் என்றால் என்ன என்று எங்களுக்குச் சொல்லித் தர வேண்டாம். எரிந்தவனும் எரித்தவனும் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்துப் போட்டோவுக்கு நிற்க வேண்டும். வழக்கு அத்தோடு செத்துப்போகும். இரண்டு பக்கப் பையன்களும் வீட்டுக்கு வருவார்கள். வழக்கமாகப் பெண்களுக்கு அங்கே இடமில்லை. வீடு கலீலா பெயரில் இருந்ததால் அவளுடைய பெருவிரல் தேவைப்பட்டது. துணைக்கு நான் போனேன்.

தேநீர் சுற்றி வந்தது. நாமெல்லாம் ஒரே மண்ணின் பிள்ளைகள் என்று மூன்று பேர் பேசினார்கள். பிறகு காகிதத்தையும் மைப்பெட்டியையும் அவள் பக்கம் தள்ளினார்கள். அவள் கையை நீட்டவே இல்லை.

"வாசிச்சுக் காட்டுங்க."

போலீஸ் அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். "சமாதானப் பத்திரம், தாயே. வேற என்ன இருக்கப்போகுது?"

"இருக்கட்டும் பாஷா. அபூனா வாசிக்கட்டும்." அதிகாரிகளை நாங்கள் பாஷா என்றுதான் கூப்பிடுவோம்.

எங்கள் பாதிரியார் அபூனா வீசா வாசித்தார். வரிக்கு வரி குரல் தேய்ந்தது. மின்கசிவால் தீப்பிடித்தது. யார் மீதும் புகார் இல்லை. அந்த வீட்டில் ஜெபம் எதுவும் நடந்ததில்லை, இனியும் நடக்காது.

கலீலா அவரையே பார்த்தாள். "நடந்ததில்லையா? அப்ப அஞ்சு வருஷமா நான் யாருக்கு அபூனா தரை கழுவி விட்டேன்?"

அவர் நல்ல மனிதர். அன்று தரையைப் பார்த்தார்.

அயாத் குனிந்து அவள் காதருகே கெஞ்சினார். "அண்ணி, பையன் உள்ள இருக்கான். ஒரு விரல்தானே."

"ஜெபமே நடக்கலைன்னு நான் எழுதிக் கொடுத்தா, அவன் எதுக்காகத் தண்ணி தூக்கினான் அயாத்?"

அப்போதுதான் அந்த அதிகாரி சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னார். என் உடம்பு இன்னும் எரிகிறது. "உங்க மதத்துல மன்னிப்புதான் பெரிசுன்னு சொல்வாங்களே?"

கலீலாவுக்குக் கோபம் வரவில்லை. விரலைத் தானாகவே மையில் அழுத்தினாள்.

"மன்னிச்சாச்சு பாஷா. வெள்ளிக்கிழமையே மன்னிச்சாச்சு. அதையே எழுதுங்க. ஷாபான் தீ வச்சான், கலீலா கண்ணால பாத்தா, மன்னிச்சுட்டா, அவன் மேல வழக்கு வேணாம்ங்கறா. எழுதுங்க, இப்பவே வைக்கிறேன்."

கருத்த விரலை நீட்டியபடி காத்திருந்தாள். ஒருவரும் பேனாவைத் தொடவில்லை. அப்படி எழுதினால் தீ வைத்தவன் ஒருவன் இருக்கிறான் என்று ஆகிவிடும். மன்னிக்கும்படி ஒன்றுமே நடக்கவில்லை என்று மன்னிப்பவளே சாட்சி சொல்ல வேண்டும், அதுதான் அவர்களுக்குத் தேவை.

பெஞ்சின் கோடியிலிருந்து ஷாபான் முனகினான். "விட்டுத்தொலை, அபனூப் அம்மா. எல்லாருக்கும் நல்லது."

"நீ நல்லா இரு. மூணு நாளா உன் பொண்ணைப் பாலுக்கு அனுப்பல. வாளி நிரம்பிக் கெடக்கு."

மையை அங்கியில் துடைத்துக்கொண்டு எழுந்தாள். வீட்டுக்கு வந்ததும் அடுப்படியில் உட்கார்ந்து வாந்தி எடுத்தாள். நான் தலையைப் பிடித்துக்கொண்டேன்.

மற்ற மூன்று பையன்களின் குடும்பங்கள் கைநாட்டு வைத்தன; அதுவே போதும் என்று அதிகாரி முடித்துக்கொண்டார். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. மாலைக்குள் எங்கள் மூவரும் தீ வைத்த ஐவரும் ஊர் வந்தார்கள். அபனூப் மட்டும் வரவில்லை. பதினைந்து நாள் காவல், மறுபடி பதினைந்து, மறுபடியும் பதினைந்து. மாடிக் கதவில் அரக்கு முத்திரை விழுந்தது. பெற்ற பிள்ளையைவிடக் காகிதம் பெரிதா என்று எங்கள் பெண்களே அவள் முகத்துக்கு நேரே கேட்டார்கள். ஷாபானின் மகள் மட்டும் வாளியோடு வந்தாள். கலீலா அளந்து ஊற்றினாள்.

புதன்தோறும் அவித்த மொச்சையும் ரொட்டியும் கட்டிக்கொண்டு சிறைக்குப் போனாள். முதல் வாரம் அபனூப் அவளோடு பேசவில்லை. இரண்டாம் வாரம், அப்படி என்னதான் எழுதியிருந்தது என்று கேட்டான். ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்தாள். அவன் கம்பி வழியாக ரொட்டியை வாங்கிக்கொண்டான்.

"அடுத்த வாரம் வெங்காயமும் கொண்டு வாம்மா" என்றான்.

உயிர்ப்புத் திருநாள் அவனில்லாமல் கழிந்தது. அதற்குப் பிறகு ஒரு நாள், காரணம் எதுவும் சொல்லாமல் வெளியே விட்டார்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை காலை கலீலா எருமைக் கொட்டிலைக் கழுவிவிட்டாள். யாரையும் கூப்பிடவில்லை. ஆனாலும் அபூனா வீசா பீடப் பலகையைப் பையில் சுமந்துகொண்டு வந்து நின்றார். அந்தக் கூடத்துக்குப் பிறகு அவர் எங்கள் வாசலை மிதித்தது அன்றுதான். இருபது பேர் கூடினோம். பாதிப் பூசையில் வாசலில் ஒரு காவலர், கையில் நோட்டுப் புத்தகம். உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்டார். எல்லோரும் கலீலாவைத் திரும்பிப் பார்த்தோம். பதில் சொன்னது அபூனா.

"ஜெபம் நடக்குது. நான்தான் நடத்துறேன். எழுதிக்குங்க."

காவலர் எழுதினார். எங்கள் ஊரில் ஜெபம் நடக்கிறது என்று அரசாங்கக் காகிதத்தில் ஏறியது அதுவே முதல் தடவை.

கலீலா எருமையை ஓரமாகக் கட்டிவிட்டு வாசலுக்கு வந்தாள்.

"எழுதினதை வாசிச்சுக் காட்டுங்க, தம்பி" என்றாள்.