மாடு மட்டும் சர்ச்சுக்கு வரும்

"சர்ச்சுக்குங்க" என்றார் அவர், நான் கேட்ட கேள்விக்கு.

மலைமேல் ஆலத்தூர் நாட்டுப் பக்கம் ஒரு வளைவில் எங்கள் காரை மாடுகள் மறித்திருந்தன. அலுவலக நண்பர்களோடு அருவிக்குப் போய்க்கொண்டிருந்தேன். தலையில் துண்டு கட்டிய ஒருவர் சிவப்புப் பசு ஒன்றின் கயிற்றைப் பிடித்து ஓரம் இழுத்துக்கொண்டிருந்தார். நான் ஜன்னலை இறக்கி, "அண்ணா, ஞாயித்துக்கிழமை காலையில எங்க ஓட்டிட்டுப் போறீங்க?" என்று சும்மாதான் கேட்டேன்.

"சர்ச்சுக்கா? நீங்க கிறிஸ்டியனா?" என்றேன்.

"நான் இல்லீங்க. மாடு மட்டுந்தான்."

காரில் எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்காமல் விளக்கினார். அந்த சர்ச்சுக்கு வருகிறவர்கள் அத்தனை பேரும் மாடு வைத்திருக்கிறவர்கள். மாட்டை வீட்டில் கட்டிவிட்டு வந்தால் பட்டினி கிடக்கும். அதனால் ஓட்டிக்கொண்டே வந்துவிடுகிறார்கள். ஒருவர் வெளியே மேய்க்க, மற்றவர்கள் உள்ளே ஜெபிப்பார்கள். "எப்படியும் ஓராளு மேய்க்கறாங்கல்ல? எம்மாட்டையும் கூடச் சேத்து உட்டுட்டு நான் காட்டு வேலையப் பாக்கப் போயிருவேன். நமக்குக் கோயிலு. மாட்டுக்குச் சர்ச்சு."

அந்த நொடியிலேயே முடிவாகிவிட்டது, அந்த சர்ச்சுக்குள் ஒரு நாள் போய் உட்கார வேண்டும் என்று. அன்றைக்கு அருவியைப் பார்த்தேனா என்றே நினைவில்லை. சென்னையில் எங்கள் சபையில் கீபோர்டு வாசிப்பவள் நான். பாட்டு வரிகள் திரையில் ஓடும், ஏசி ஓடும், வண்டி நிறுத்த டோக்கன் கொடுப்பார்கள். மாட்டை நிறுத்த இடம் வைத்திருக்கும் சபையை நான் கேள்விப்பட்டதே இல்லை.

மூன்று வாரம் கழித்து, நாமக்கல் தோழியின் ஸ்கூட்டரைக் கடன் வாங்கிக்கொண்டு, மலையடிவாரக் காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவையும் ஒரே மூச்சில் ஏறினேன். ஏறிய தெம்பிலேயே பாதி ஊரை ஜெயித்துவிட்டதுபோல் இருந்தது.

சர்ச் என்பது தகரக் கூரை போட்ட ஒரு நீளமான அறை. வாசலில் செருப்புகள் கிடந்தன. அவற்றுக்குப் பக்கத்திலேயே சுவரோரமாகக் கொடுவாள்கள் வரிசையாகச் சாத்தப்பட்டிருந்தன. லுங்கியோடு, சாணி காயாத காலோடு, பால் சொசைட்டியில் பால் ஊற்றிவிட்டு நேராக வந்திருந்தார்கள். யாரென்று கேட்பதற்கு முன்பே என் கையில் டீ வந்துவிட்டது.

"வாங்க கண்ணு. உங்க மாட்ட எங்க கட்டீருக்கறீங்க?" என்றார் ஒரு அம்மா, ஸ்கூட்டரைப் பார்த்துக்கொண்டே. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

போதகரைப் பார்த்து ஒரு வணக்கம் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். எங்கள் சபையில் அவரை 'மேய்ப்பர்' என்போம். அவர் அறைக் கதவிலேயே அப்படித்தான் எழுதியிருக்கும். எனவே மரியாதையாக, "மேய்ப்பர் எங்க இருக்காங்க?" என்று கேட்டேன்.

"மேய்ப்பருங்களா? அதா, மேல கரட்டுல. நேராப் போங்க."

போதகர் தனியாக ஜெபிக்க மலையேறிவிட்டார் போலிருக்கிறது என்று எனக்குப் புல்லரித்தது. அந்தப் பாறை மேட்டில் வேகமாக ஏறினேன். அங்கே பதினைந்து இருபது மாடுகளும், நடுவில் குச்சியோடு ஓர் அக்காவும் நின்றிருந்தார்கள்.

"மேய்ப்பர்...?"

"நாந்தானுங்க. இந்த வாரம் எம்முறை."

எனக்குக் காது சூடானது. அவர் என் தவறைப் புரிந்துகொண்டு சிரித்தார். ஆனால் சிரிப்பு முகத்தில் தங்கவில்லை. கண் கீழே சர்ச் கதவுக்கே போய்ப் போய் வந்தது. என்னக்கா என்றேன். அவருடைய மகள் மறுநாள் நர்சிங் படிக்கச் சேலம் போகிறாள். இந்த மலையைவிட்டு இறங்கித் தங்கிப் படிக்கப்போவது இதுதான் முதல் தடவை. இன்று சபை முழுக்க அவள் தலையில் கை வைத்து ஜெபித்து அனுப்புவார்கள். முறையை மாற்றிக்கொள்வதாகச் சொன்னவர் மாமியாரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய்விட்டார்.

"வேற யாரையாவது கேட்டிருக்கலாமே?"

"கேட்டா வருவாங்க. எம்முறைய இன்னொருத்தர் தலையில எப்படிங்க கட்டறது? எல்லாரும் கைய வெப்பாங்க. எங்கையி மட்டும் இருக்காது. அவ்வளவுதான்."

"நீங்க போங்கக்கா. நான் பாத்துக்கறேன்."

"மாடு மேய்ச்சிருக்கறீங்களா?"

"இல்ல. ஆனா நாப்பது பேர் பாடற கோயர ஒத்தையா நடத்தறேன்."

"அது பாடற கூட்டம் கண்ணு. இது திங்கற கூட்டம்."

கீழே பாட்டு தொடங்கியது. அவர் குச்சியை என் கையில் திணித்தார். சரிவுக்குக் கீழே பச்சைப்பசேலென்று நின்ற குச்சிக்கிழங்குக் காட்டை, அதாவது மரவள்ளித் தோட்டத்தை, காட்டினார். அந்தத் தழையை வயிறு நிறையத் தின்றால் மாடு செத்துவிடும். "மாட்டுக்குப் பின்னால போவாதீங்க. காட்டுக்கு முன்னால நில்லுங்க. அந்தச் சிவப்பிய மட்டும் நம்பாதீங்க, அது கோயிலுக்காரர் மாடு, நம்ம பேச்சக் கேக்காது. முடியலைன்னா ஒரு சத்தம் போடுங்க, வந்தர்றேன்." சொல்லிக்கொண்டே இறங்கி ஓடினார்.

சிவப்பி எனக்குத் தெரிந்த மாடுதான், வளைவில் பார்த்தது. நான் காட்டுக்கு முன்னால் போய் நின்றேன். எல்லாம் ஒழுங்காக மேய்ந்தன. இதற்கா இவ்வளவு எச்சரிக்கை என்று தோன்றியது. கீழே கீபோர்டு இல்லை. ஒரே ஒரு மேளம், கைத்தட்டல். ஒவ்வொரு அடிக்கும் சுருதி கொஞ்சம் ஏறிக்கொண்டே போனது. இதை எப்படிச் சரிசெய்யலாம் என்று யோசித்தபடி, நன்றாகக் கேட்பதற்காக சர்ச் பக்கமாக நாலு எட்டு நகர்ந்தேன்.

சிவப்பி தலையைத் தூக்கியது. நான் விட்டுப்போன இடைவெளியைப் பார்த்தது. நடந்தது.

"ஹேய்!" என்று குச்சியோடு அதன் பின்னால் ஓடினேன். பின்னால் ஓட ஓட அது முன்னால் ஓடியது. துரத்துகிறேன் என்று நினைத்து நானே அதைக் காட்டுக்குள் ஓட்டிக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பாட்டு நின்றது. ஒரு சத்தமும் இல்லை. கை வைக்கும் நேரம் அதுதான் என்று தெரிந்தது. வாயைத் திறந்து ஒரு குரல் கொடுத்தால் போதும், அந்த அக்கா மகள் தலையிலிருந்து கையை எடுத்துவிட்டு ஓடி வந்துவிடுவார்.

வாயை மூடிக்கொண்டேன். சிவப்பியை விட்டு விலகி, உண்ணிச்செடிக்குள் புகுந்து, துப்பட்டாவை முள்ளுக்குக் கொடுத்துவிட்டு, சுற்றிப் போய் அதற்கு முன்னால் நின்றேன். அதற்குள் அதன் வாயில் ஒரு கொத்துத் தழை. பிடித்து இழுத்தேன். அதுவும் இழுத்தது. முழங்கை வரை பச்சை எச்சில். பாதித் தழை என் பக்கம் வந்ததும், சிவப்பி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் திரும்பி மேட்டில் ஏறியது. அதன்பிறகு நான் இடத்தைவிட்டு அசையவே இல்லை.

ஜெபம் முடிந்து அக்கா மூச்சிரைக்க ஏறி வந்தார். கண் சிவந்திருந்தது. என் கையைப் பார்த்ததும், "தின்னுருச்சா?" என்றார்.

"ஒரு வாய். பாதி என்கிட்ட இருக்கு. என் தப்புதான்கா, எடத்த விட்டு நகந்துட்டேன். நீங்க...?"

"வெச்சுட்டேன் கண்ணு. எடுக்கவே மனசில்ல. ரெண்டு கையும் வெச்சுட்டேன்."

ஒரு வாய்க்கு ஒன்றும் ஆகாது என்றாலும் சிவப்பியைப் பலாமரத்து நிழலில் கட்டி, ஆள் அனுப்பினார்கள். துண்டு கட்டியவர் மண்வெட்டியோடு வந்து சேர்ந்தார். என்னை அடையாளம் தெரிந்துகொண்டார்.

"எம்மாட்டு வாயில கைய உட்டீங்களாமா? நானே உட்டதில்லீங்க."

மாட்டைப் பார்த்துக்கொண்டு சர்ச் வாசலிலேயே உட்கார்ந்தார். அவருக்கும் இலை போட்டார்கள். "மாடு வரும், நீங்க வரமாட்டீங்களே!" என்று பரிமாறியவர் சீண்ட, "இன்னிக்கும் மாட்டுக்குத்தான் வந்தேன். கொழம்ப ஊத்துங்க" என்றார். சோறு முடிவதற்குள் சிவப்பி அசைபோடத் தொடங்கியது. இனி பயமில்லை என்று அவர் கை கழுவப் போனார்.

உள்ளே கதவுக்குப் பின்னால் ஒரு கரும்பலகை தொங்கியது. மேலே 'மேய்ப்பர்' என்று எழுதி, கீழே ஞாயிறு வாரியாகப் பெயர்கள். போதகர், "நான் இங்க வெறும் பாஸ்டருங்க. மேய்ப்பர் பதவி வாராவாரம் மாறும்" என்றார். சேலம் போகப்போகும் பெண் சாக்பீஸை எடுத்து, அடுத்த மாதம் இரண்டாவது ஞாயிறுக்கு நேராக 'சென்னை அக்கா' என்று எழுதிவிட்டாள்.

"கீபோர்டும் எடுத்துட்டு வரட்டுமா?" என்று கேட்டேன்.

"மொதல்ல மாட்ட மேய்ங்க கண்ணு" என்றார் அவள் அம்மா.

சரிதான். கீபோர்டு வீட்டிலேயே இருக்கட்டும். ஸ்கூட்டருக்குச் சொல்லிவைத்தாகிவிட்டது. முழங்கைக்கு மேல் மடித்துவிட ஒரு பழைய சட்டையும் எடுத்து வைத்திருக்கிறேன். அந்த ஞாயிறு முதல் பாட்டிலிருந்து கடைசி ஜெபம் வரை குச்சிக்கிழங்குக் காட்டுக்கு முன்னால் நிற்பேன். உள்ளே சுருதி எங்கே ஏறினாலும் ஏறட்டும்.