பால்வாடிக் குல்லாக்கள்

என் வீட்டுக்காரி பால்வாடியில் சமையல் செய்கிறாள். டிசம்பரில் வருஷத்தின் கடைசி நாள் அங்கிருக்கும் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு கம்பளிக் குல்லா கொடுப்பாள். அவளே பின்னியது. யாரும் கேட்டதில்லை. மார்கழிப் பனியில் மூக்கு ஒழுகிக்கொண்டு வருகிறதுகளே என்று ஒரு வருஷம் ஆரம்பித்தாள். பிறகு விடவில்லை.

நான் பட்டு நெய்கிறவன். ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் நின்றது. அவள் ஊசியை நான் தொட்டதில்லை.

போன மார்கழியில் வாசல் தெளிக்கும்போது வழுக்கி விழுந்தாள். வலது மணிக்கட்டு முறிந்தது. ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு போட்டு அனுப்பினார்கள். பால்வாடி வேலைக்கு லீவு போட்டாள். அப்போது பாதிப் பிள்ளைகளுக்குத்தான் குல்லா முடிந்திருந்தது.

"முடிஞ்ச வரைக்கும் குடுத்துடு" என்றேன்.

"ஒரு புள்ள போட்டுக்கினு இருக்கும். பக்கத்துப் புள்ள அதையே பாத்துக்கினு இருக்கும். அது வேணாங்க. குடுத்தா எல்லாத்துக்கும். இல்லனா யாருக்கும் இல்ல."

முடிந்ததையெல்லாம் பையில் போட்டாள். பரண்மேல் ஏற்றச் சொன்னாள். சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அழவில்லை. அவள் அழுகிறவள் இல்லை. ஆனால் அன்று சோறு சரியாக இறங்கவில்லை அவளுக்கு.

நான் பையை ஏற்றவில்லை.

மறுநாள் அமாவாசை. அமாவாசைக்கு நெசவுக்காரர்கள் நாங்கள் யாரும் தறியில் உட்கார மாட்டோம். கை சும்மா இருந்தது. பையைத் திறந்து ஊசியை எடுத்தேன்.

"இன்னா பண்றீங்க?"

"சொல்லிக் குடு."

"இன்னிக்கு அமாவாசை."

"தறிக்குத்தான் லீவு."

நூல் பழகிய கை. கண்ணி போடுவது சீக்கிரமே பிடிபட்டது. முதல் குல்லாவை முடித்தபோது வரிசை ஒன்றுகூடக் கோணவில்லை. நன்றாக வந்திருக்கிறது என்றுதான் நினைத்தேன். அவள் இடது கையால் வாங்கினாள். அளவு பார்க்க ஒரு சொம்பு வைத்திருப்பாள். அதில் மாட்டினாள். ஏறவில்லை. குல்லாவைத் தரையில் வைத்தாள். வைத்தது வைத்தபடி நின்றது.

"இது குல்லாவா, கொட்டாங்குச்சியா?"

எனக்கு அப்போதுதான் விளங்கியது. தறியில் ஒவ்வோர் இழையையும் அடித்து இறுக்க வேண்டும். தளர்ந்தால் அது புடவையே இல்லை. கம்பளியையும் கை அப்படியே இறுக்கியிருக்கிறது. பிரித்தேன். மறுபடி போட்டேன். மறுபடியும் அதே கொட்டாங்குச்சி. வருஷம் முடிய அதிக நாள் இல்லை.

மூன்றாவது தடவை போட்டுக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டுத் தறிக்காரன் எட்டிப் பார்த்தான்.

"இன்னா மாமா, முகூர்த்தப் பொடவைக்கு மேட்சா குல்லாவா?"

"உன் மண்டைக்குத்தான். அளவு குடு."

"வாணாம் மாமா. நீ போட்டா, கழட்ட ஆஸ்பத்திரிக்கு இல்ல போவணும்!"

"உள்ள ஒண்ணும் இல்லியே, எதுக்குப் பயப்படற?"

அவன் சிரித்துக்கொண்டே போனான். அவள் என் பின்னலைத் தொட்டுப் பார்த்தாள். விரலால் இழுத்தாள்.

"இங்க பாருங்க. அவங்கிட்ட பேசிக்கினு இருந்தப்ப போட்டது நல்லா வந்துருக்குது. வாய மூடினா கை இறுக்குது. பேசிக்கினே போடுங்க."

எனக்கு வராதது அதுதான். எங்களுக்குக் கல்யாணமாகிப் பிள்ளைகள் பிறந்து அவர்களுக்கும் கல்யாணமாகிவிட்டது. அத்தனை வருஷத்திலும் நான் பேசியது ஒரு மணி நேரம் இருந்தால் அதிகம்.

"இன்னா பேசறது?"

"எதையாவது."

தறியிலிருந்து எழுந்ததும் சாயங்காலத்தில் ஊசியோடு உட்கார்ந்தேன். பட்டு விலையைப் பேசினேன். இரண்டு வரிசைக்குள் தீர்ந்துவிட்டது. தென்னேரி ஏரி நிரம்பிய வருஷம், தறியில் பாவு நூல் பிணைக்க ஆள் பார்க்கிறேன் என்று பொய் சொல்லிச் சைக்கிளில் போய்த் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே நின்றதைச் சொன்னேன். அது அரைக் குல்லாவுக்கு வந்தது. மாகறல் கோயிலில் அவளைப் பெண் பார்த்த அன்று அவள் முகத்தை நான் பார்க்கவே இல்லை என்றும் சொல்லிவிட்டேன்.

"பின்ன எப்படிப் புடிச்சிருக்குதுன்னு சொன்னீங்க?"

"காலைப் பாத்தேன். கல்லு கொதிக்குது. எல்லாரும் குதிச்சிக்கினு இருக்கறாங்க. நீ நகரல."

"இத்தினி வருஷமா சொல்லல?"

"நீ கேக்கல."

அவளுக்குச் சிரிப்பு நிற்கவில்லை. கட்டுப் போட்ட கையை மடியில் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"சிரிக்காதம்மா, கண்ணி விட்டுடும்" என்றேன்.

அந்தக் குல்லா சொம்பில் தானாக இறங்கியது.

அப்புறம் தினமும் பேசினேன். எங்கிருந்து வந்ததோ தெரியாது. கடைசிக் குல்லாவின் உச்சியைச் சுருக்கித் தைத்தது கடைசி நாள் காலையில். அவள் எல்லாவற்றையும் பாயில் பரப்பினாள். எது தன்னுடையது, எது என்னுடையது என்று தேடினாள். ஒரு பச்சைக் குல்லாவை எடுத்து, "இது நான் போட்டது" என்றாள். நான் போட்டது அது. நான் பெருமையை மறைக்கவில்லை.

பையைத் தூக்கிக்கொண்டு பால்வாடிக்கு நானும் போனேன். ஒரு பிள்ளைகூட விட்டுப்போகவில்லை. அவள் இடது கையால் எடுத்து எடுத்துக் கொடுத்தாள்.

"கட்டோட எப்படிக்கா பின்னுனீங்க?" என்று டீச்சர் கேட்டாள்.

"நான் எங்க பின்னுனேன்? பாதி இவருதான்."

"ஐயாவா?"

"ஆமா" என்றேன்.

நான் நெய்யும் புடவை கடைக்குப் போகும். யார் கட்டுகிறார்கள் என்று பார்த்ததில்லை. இந்தக் குல்லா என் கண்ணெதிரே பிள்ளைகள் தலையில் ஓடியது. இரண்டு பிள்ளைகள் பச்சைக் குல்லாவுக்குச் சண்டை போட்டன. ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தன. குல்லா நீண்டது. விட்டதும் பழையபடி சுருங்கியது. ஒரு கண்ணியும் விடவில்லை.

"வாங்க, தறிக்கு நேரமாவுது" என்றாள்.

"நீ போ. நான் பாத்துட்டு வரேன்" என்றேன்.