நாலு மூலை உள்ள பூமி

பூமி உருண்டை என்று சொல்லிக்கொடுப்பது சுலபம் என்று நினைப்பவர்கள் ஜூலை மாதத்தில் ஒரு வாரம் பந்தலூர்ப் பக்கம் வந்து மூன்றாம் வகுப்புக்குப் பாடம் நடத்திப் பார்க்கட்டும். சூரியன் இல்லை. நிலா இல்லை. நட்சத்திரம் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஜன்னலுக்கு வெளியே இருக்கிற தேயிலைச் செடியே பாதி நாள் தெரியாது. இந்த லட்சணத்தில் பாடப்புத்தகம் சொல்கிறது: ஏழு நாள் நிலாவைப் பார்த்து அதன் வடிவத்தை வரைந்து வருக.

நானும் கடமைக்கு அதைச் சொல்லி அனுப்பினேன். பதினான்கு பிள்ளைகளில் எட்டுப் பேர் ஒன்றும் வரையாமல் வந்தார்கள். ஐந்து பேர் தங்களில் ஒருத்தியின் நோட்டைப் பார்த்து ஒரே பிறையை வரைந்திருந்தார்கள். மிச்சமிருந்த ஒருவன் மட்டும் ஏழு கட்டத்திலும் முழுவட்டம் போட்டு மஞ்சள் அடித்திருந்தான். ஏழு நாளும் பௌர்ணமியா என்று கேட்டேன். "ஆமா டீச்சர், தெனமும் முழுசாத்தான் இருந்திச்சு" என்றான். விசாரித்ததில் அது பேக்டரி வாசலில் எரிகிற பெரிய விளக்கு. மூடுபனியில் கம்பம் தெரியாது, வெளிச்சம் மட்டும் அந்தரத்தில் நிற்கும். அவனைத் திட்டவும் முடியவில்லை. அவன் ஒருத்தன்தான் நிஜமாகவே தலையைத் தூக்கிப் பார்த்தவன்.

எங்கள் பள்ளியில் இரண்டு ஆசிரியர்கள், ஒரு உலக உருண்டை. உருண்டையின் தாங்கி உடைந்து வருஷக்கணக்காகிறது. மேஜையில் வைத்தால் உருண்டோடிவிடும். அதனால் ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு மறு கையால் டார்ச் அடித்துப் பகல், இரவு காட்டுவேன். டார்ச்சில் பேட்டரி இருக்கிற நாளில் உருண்டை வழுக்கும். இரண்டும் ஒத்துழைக்கிற நாளில் மழை தகரக் கூரையில் விழுகிற சத்தத்தில் நான் சொல்வது முன்பெஞ்சுக்கே கேட்காது. பயிற்சி வகுப்பில் எங்களுக்கு அழகழகான வீடியோ காட்டினார்கள். இங்கே என் போனில் அதைத் திறந்தால் சனிக்கிழமை வரைக்கும் சுற்றிக்கொண்டே இருக்கும்.

சரி, பிள்ளைகளையே கோள்களாக நிறுத்தலாம் என்று பார்த்தேன். எல்லோருக்கும் சூரியனாக வேண்டும், ஏனென்றால் சூரியனுக்கு மஞ்சள் சால்வை உண்டு. யாருக்கும் நிலாவாக விருப்பமில்லை, ஏனென்றால் அதுதான் அதிகம் ஓட வேண்டும். பூமியாக நின்ற பையன் தன்னைத்தானே சுற்றிக்கொண்டு சூரியனையும் சுற்றியதில் மயக்கம் வந்து சூரியன் மேலேயே விழுந்தான். உருண்டையின் கீழ்ப்பக்கத்தைக் காட்டி இங்கே யார் இருப்பார்கள் என்று கேட்டால், "கோயமுத்தூர்க்காரங்க டீச்சர்" என்று கோரஸாகச் சொன்னார்கள். மலைப் பிள்ளைகளுக்குக் கீழே என்றால் அதுதான். இரண்டு வாரம் இப்படியே போயிற்று. தொண்டை கட்டிவிட்டது. எனக்கு முன்கோபம் என்பது ஊருக்கே தெரியும். அந்த இரண்டு வாரத்தில் அது மூக்கின் நுனியிலேயே உட்கார்ந்திருந்தது.

அப்படியொரு நாளில்தான் தேர்வு வைத்தேன். கடைசிக் கேள்வி, நமது பூமியைப் பற்றி மூன்று வரிகள் எழுதுக. உருண்டை, சுற்றுகிறது, நிலா அதன் துணைக்கோள். இந்த மூன்றை எழுதினால் போதும், என் இரண்டு வார உழைப்பு வீணில்லை என்று திருப்திப்பட்டுக்கொள்வேன். தப்பும் தவறுமாகவேனும் பெரும்பாலானவர்கள் எழுதியிருந்தார்கள்.

ஒருத்தி மட்டும் எழுதியிருந்தது இது: எங்க பூமிக்கு நாலு மூலை. ஒரு மூலையில் வேப்பமரம் இருந்தது. இப்போ பூமி இல்லை.

அந்த வருஷம்தான் புதிதாகச் சேர்ந்த பெண். அவிநாசிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். அப்பா பேக்டரியில் வேலை, அம்மா கொழுந்து பறிக்கப் போகிறாள். வகுப்பில் மற்ற பிள்ளைகள் எல்லாம் எங்களைப் போல சிலோனிலிருந்து வந்த குடும்பங்கள். இவள் பேச்சுக்குப் பேச்சு ங்க போடுவாள், அதற்கே மற்றவர்கள் சிரிப்பார்கள். வாயாடி இல்லை, கேட்டால் மட்டும் பதில் சொல்வாள்.

நாலு மூலை என்ற வார்த்தையைப் பார்த்ததும் எனக்கு மேற்கொண்டு யோசனை ஓடவில்லை. உருண்டை, உருண்டை என்று பதினான்கு நாள் கத்தியிருக்கிறேன். அந்த விடைத்தாளை எல்லோர் முன்னாலும் சத்தமாக வாசித்தேன். "பூமி இல்லையா? அப்ப எங்க நிக்கிற நீ, ஆகாசத்துலயா?" என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது. அவள் கீழே குனிந்து தன் காலைப் பார்த்தாள். மூன்று வரியையும் சிவப்பு மையால் அடித்துத் தாளைக் கையில் கொடுத்தேன்.

மத்தியானத்துக்குள் அவளுக்கு ஆகாசம் என்று பட்டப்பெயர் விழுந்துவிட்டது. மறுநாள் வந்தாள், வாயே திறக்கவில்லை. அதற்கடுத்த நாலு நாள் வரவே இல்லை. மழைக்குக் காய்ச்சல் வந்திருக்கும் என்று நானாக நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்துக்கொள்வது வசதியாகவும் இருந்தது.

ஐந்தாம் நாள் மத்தியானம் அவளுடைய அம்மா வந்தாள். தலையில் பிளாஸ்டிக் தாள், முழங்கால் வரை ஈரம். கொழுந்து பறிக்கிற மலையிலிருந்து நேரே வந்திருக்கிறாள். உள்ளே வரச் சொன்னதற்குத் தரை நனையும் என்று வாசலிலேயே நின்றாள்.

"டிசி வேணுமுங்க. புள்ளய அவ மாமன் ஊட்டுக்கு அனுப்பிப் போடறோம். அங்கயே ஒரு பள்ளிக்கோடம் இருக்குதுங்க."

"ஏம்மா, நீங்க ரெண்டு பேரும் இங்கதானே இருக்கீங்க? மூணாவது படிக்கிற பிள்ளையைப் பிரிச்சு அனுப்புவாங்களா?"

"அனுப்பறதுக்கு எங்களுக்கு மட்டும் ஆசைங்களா. ஸ்கூலுக்குப் போமாட்டேன்னு அழுவுதுங்க. எல்லாரும் ஆகாசம்னு கூப்பிடறாங்களாமா." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னாள். "அது ஒண்ணும் தப்பா எழுதலீங்க டீச்சரம்மா. எங்களுக்கு ரெண்டேக்கரா பூமி இருந்துச்சுங்க. போர்வெல்லுல தண்ணி நின்னு போயி, வித்துப்போட்டுத்தான் இங்க வந்தமுங்க. அவங்கப்பா தெனமும் பூமி போச்சு, பூமி போச்சுன்னு பொலம்பறாரு. நீங்க உங்க பூமியப் பத்தி எழுதுன்னீங்களாமா. அது எழுதிருச்சு."

எங்கள் வீட்டில் நிலத்துக்குக் காணி என்போம். பள்ளிக்கூடத்தில் நிலம் என்று படித்தேன். பூமி என்றால் எனக்குப் புத்தகத்தில் நீல நிறத்தில் இருக்கிற உருண்டை. கோயம்புத்தூர் பஸ்ஸில் போகும்போது பூமி வாங்கினேன், பூமி வித்தேன் என்று ஆட்கள் பேசிக்கொண்டு வந்ததை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். காதில் விழுந்தது மண்டையில் ஏறவில்லை. நமது பூமி என்று கேள்வி கேட்டது நான். அந்தக் கேள்விக்கு வகுப்பிலேயே மனப்பாடம் செய்யாமல், தன் சொந்த அறிவிலிருந்து பதில் எழுதியவள் அவள் ஒருத்திதான். அதைத்தான் அடித்துவிட்டுச் சிரிக்க வைத்தேன். அந்த அம்மாள் முன்னால் நிற்கவே வெட்கமாக இருந்தது.

"தப்பு என் மேலதாம்மா. ஒரே ஒரு நாள் கூட்டிட்டு வாங்க. அதுக்கப்புறமும் அவ வரமாட்டேன்னா டிசி தர்றேன்" என்றேன். அவளுக்கு நம்பிக்கை வந்ததாகத் தெரியவில்லை. சரிங்க என்று மட்டும் சொல்லிவிட்டு வேலைக்கு நேரமாகிறதென்று போய்விட்டாள்.

மறுநாள் காலையில் மகளைக் கொண்டுவந்து விட்டாள். வாசலில் பிள்ளை அம்மாவின் சேலையை விடவில்லை. விரல் விரலாகப் பிரித்துத்தான் உட்கார வைக்க வேண்டியிருந்தது.

நான் சுற்றி வளைக்கவில்லை. இவளுடைய ஊரில் பூமி என்றால் சொந்தமாக உழுகிற நிலம், அதற்கு நாலு மூலை உண்டு, மரமும் உண்டு, இவள் எழுதியது சரி, டீச்சர்தான் தெரியாமல் கேலி பண்ணினேன், இனி யாரும் ஆகாசம் என்று கூப்பிடக் கூடாது என்றேன். டீச்சர் தப்புப் பண்ணினேன் என்று சொன்னதை அவர்கள் நம்பாமல் பார்த்தார்கள்.

பேக்டரி விளக்கை வரைந்த பையன் கையைத் தூக்கினான். "அப்படின்னா எங்களுக்கும் பூமி இல்லையே டீச்சர். லைன் வீடுகூட எஸ்டேட்டோடதுதானே."

"எங்களுக்கும் இல்ல டீச்சர்."

"எங்களுக்கும்."

வரிசையாகச் சொன்னார்கள், யார் முதலில் சொல்வது என்று போட்டி போட்டுக்கொண்டு. நான் உட்பட, அந்த அறையில் ஒருவருக்கும் ஒரு சென்ட் கிடையாது. பாடம் எங்கேயோ போய்விட்டதே என்ற எரிச்சல் எனக்கு. ஆனால் அவள் தலையைத் தூக்கி ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தானாக எழுந்து மேஜைக்கு வந்தாள். நான் பிடித்திருந்த உருண்டையைக் காட்டி, ஒரு வாரத்துக்குப் பிறகு முதல்முறையாகப் பேசினாள்.

"இதுல எங்க பூமி எங்கீங்க டீச்சர் இருக்குது?"

இந்தியாவைத் தேடி, அதில் தெற்கே இறங்கி, பேனா முனையை வைத்தேன். "இங்க."

"இப்ப நாம இருக்கறது?"

பேனாவை நகர்த்தப் பார்த்தேன். நகர்த்த இடமில்லை. அவிநாசியும் பந்தலூரும் அந்த ஒரு முனைக்குள்ளேயே அடங்கிவிட்டன. "இதுவும் இங்கதான்" என்றேன்.

மறுபடியும் கேலி செய்கிறேனோ என்று என் முகத்தைப் பார்த்தாள். இல்லை என்று தெரிந்ததும் உருண்டையின் அருகே குனிந்து வெகுநேரம் பார்த்தாள்.

"ரெண்டும் ஒரே எடம்னா, நாங்க ஏனுங்க டீச்சர் வந்தோம்?"