நனையச் சம்மதித்த சிலிக்கோன்

சிலிக்கோனுக்குத் தண்ணீர் பிடிக்காது. அதைக் கொண்டு பல்லுக்கு அச்சு எடுப்பவர்களுக்கு இதைவிடப் பெரிய இடைஞ்சல் இல்லை, ஏனென்றால் வாய்க்குள் எப்போதும் ஈரம்தான். எச்சில் ஊறும், பல்லைப் பிடித்திருக்கும் முரசில், அதுதான் ஈறில், இரத்தம் கசியும். உடைந்த பல்லுக்கு உறை போடுவதற்கு முன் பல்லை அராவுவார்கள். அராவிய பல்லும் முரசும் சந்திக்கும் கோடு அச்சில் அப்படியே விழ வேண்டும். அந்தக் கோட்டில் ஒரு சொட்டு ஈரம் நின்றால், சாதாரண சிலிக்கோன் அதைச் சேர்த்துக்கொள்ளாமல் விலகி நிற்கும். அச்சில் அந்த இடம் பள்ளமாகும். உறை சரியாக உட்காராது.

சுன்னாகத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறிய தொழிற்சாலையில் இரசாயனப் பட்டதாரியாக நான் வேலைக்குச் சேர்ந்தபோது என்னிடம் தரப்பட்ட வேலை இதுதான்: சிலிக்கோனை நனைய வைப்பது. வழி புதிதல்ல. சவர்க்காரத்தின் இனத்தைச் சேர்ந்த ஒரு சேர்மத்தைக் கலக்க வேண்டும். அதன் ஒரு முனை சிலிக்கோனைப் பிடித்துக்கொள்ளும், மறுமுனை தண்ணீரைக் கூப்பிடும். எதை, எவ்வளவு என்பதில்தான் வேலை இருக்கிறது. குறைந்தால் பயனில்லை. கூடினால் அச்சு தண்ணீரை உறிஞ்சி ஊதிவிடும். சில வகைகள் அச்சை இறுகவே விடாது. நான் ஒவ்வொன்றாகப் போட்டு, ஒவ்வொன்றாகத் தள்ளினேன்.

இறுகிய தகட்டின் மேல் ஒரு துளி தண்ணீர் விட்டுப் பக்கவாட்டிலிருந்து படம் எடுப்பது எங்கள் சோதனை. பழைய சிலிக்கோனில் துளி முத்துப்போல உருண்டு நிற்கும். ஒரு பிற்பகல் என் தகட்டில் அது மெல்லப் பரந்து தட்டையானது. நம்பாமல் வேறு தகடுகளிலும் விட்டுப் பார்த்துவிட்டுத்தான் தொழிற்சாலையை நடத்துபவரைக் கூப்பிட்டேன். நாங்கள் அவரை அண்ணை என்றுதான் அழைப்போம்.

குனிந்து நெடுநேரம் பார்த்தார். "மத்தியானச் சோறு திண்டிட்டுப் படுக்கிற மாதிரியெல்லோ படுக்குது" என்றார். அவர் பாராட்டுவது அப்படித்தான்.

வாயில் வைப்பதற்கான பாதுகாப்புச் சோதனைகள் எல்லாம் முடிந்த பிறகு, எங்களுக்குத் தெரிந்த ஒரு பல் வைத்தியரிடம் முதல் டப்பாக்களைக் கொடுத்தோம். இரண்டு டப்பா. இரண்டிலிருந்தும் ஒரே அளவு எடுத்துக் கையால் குழைத்தால் சில நிமிடங்களில் இறுகிவிடும். இறப்பர் கையுறையோடு குழைக்கக் கூடாது, கையுறையில் உள்ள கந்தகம் சிலிக்கோனை இறுக வைக்கும் எங்கள் பிளாற்றினம் ஊக்கியைக் கெடுத்துவிடும் என்று சொல்லியிருந்தேன். வெறுங்கையால் குழைத்துவிட்டுப் பிறகு கையுறை போட வேண்டும்.

மறுநாள் அண்ணையின் தொலைபேசி அடித்தது. பேசி முடித்து அவர் என் மேசைக்கு வந்தார்.

"இறுகேல்லையாம். மேலெல்லாம் பசை மாதிரிக் கிடக்காம். தண்ணியோடை சேர எண்டு நீர் போட்டதுதான் இறுக விடேல்லை எண்டு டொக்டர் சொல்லுறார்."

"இஞ்சை ஒவ்வொரு தரமும் இறுகினதே, அண்ணை."

"இஞ்சை இறுகி என்ன? வாயிலையெல்லோ இறுகோணும். காரணம் தெரியாட்டி நாங்கள் பழைய கலவைக்கே போவம், பிள்ளை."

பழைய கலவை என்றால் முத்துப்போல நிற்கும் துளி. நான் மாதக்கணக்காகச் செய்த வேலை எல்லாம் தகட்டிலிருந்து உருண்டு விழும்.

கெட்டுப்போன அச்சைப் பையில் போட்டு அனுப்பச் சொன்னேன். வருவதற்குள் காரணங்களை மனதில் வரிசைப்படுத்தினேன்: அளவு பிசகியிருக்கலாம், சூடு, கையுறை, என் சேர்மம். பையைத் திறந்தபோது வரிசையில் இல்லாத ஒன்று மூக்கில் அடித்தது. வெங்காயம்.

"ஆரோ சாப்பாட்டுப் பாசலோடை வைச்சுக் கொண்டந்திருக்கினம்" என்றார் அண்ணை.

எனக்கு அப்படித் தோன்றவில்லை. வெங்காயத்தின் காரமே கந்தகத்தால் வருவதுதான். அதே கலவையில் எங்களிடம் இருந்த டப்பாக்களிலிருந்து இரண்டு உருண்டை எடுத்தேன். ஒன்றைக் கழுவிய கையால் குழைத்தேன். பிறகு சின்ன வெங்காயம் உரித்து, கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, மணம் போகாத அந்தக் கையால் மற்றதைக் குழைத்தேன். முதலாவது கல்லாக இறுகியது. இரண்டாவதின் மேல் என் விரல் ஒட்டியது. அண்ணையும் தொட்டுப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து மோட்டார் சைக்கிள் திறப்பை எடுத்து என்னிடம் நீட்டினார்.

வைத்தியரிடம் இதை எப்படிச் சொல்வது என்பது வேறு சிக்கல். நான் போனபோது அதே நோயாளி மறுபடியும் கதிரையில் இருந்தார். மயிலிட்டியில் தொழில் செய்கிற கடலோடி, நடுவயது.

"டொக்டர், அண்டைக்குக் காலமை வெங்காயம் தொட்டனீங்களோ?"

"என்ன கேள்வி பிள்ளை இது? தோட்டத்திலை வெங்காயம் கிண்டினது. எங்கடை ஐயாவோடை நிண்டு அதைப் பிடி பிடியாக் கட்டிப்போட்டுத்தான் வந்தனான். கை கழுவினனான்தானே."

"கழுவினாலும் மணம் போகாது, டொக்டர்."

அவர் விரல்களை மூக்கருகே கொண்டுபோனார். கதிரையில் இருந்தவர் முந்திக்கொண்டார்: "எனக்கு அண்டைக்கே மணந்தது. டொக்டர் வெங்காயச் சம்பல் திண்டிட்டு வந்திட்டாராக்கும் எண்டு பேசாமல் இருந்தனான்."

வைத்தியர் சிரித்தார். "அப்ப இண்டைக்கு நீரே குழையும், பிள்ளை."

குழைத்தேன். அவர் அச்சு எடுக்கும் தட்டில் வைத்து வாயில் பதித்தார். அந்த மனிதருக்கு எச்சில் ஊற்றாகச் சுரந்தது. இதைவிட ஈரமான வாயை நான் கேட்டிருந்தாலும் கிடைத்திருக்காது. நேரம் ஆனதும் வெளியே எடுத்து விளக்கின் கீழ் திருப்பினார். பல்லைச் சுற்றி அந்தக் கோடு, எங்கும் அறாமல், பென்சிலால் கீறியதுபோல ஓடியது. பல்லின் மாதிரியை வார்க்க அச்சின் உள்ளே சாந்து ஊற்றியபோதும் அது குமிழி விடாமல் மூலை முடுக்கெல்லாம் தானாகவே வழிந்து போனது.

வைத்தியர் தொலைபேசியை எடுத்து, நான் கேட்கத்தக்கதாக அண்ணையிடம் சொன்னார்: "உந்தக் கலவையிலை கை வையாதேயும். பிழை என்ரை கையிலைதான்."

டப்பாவோடு போகும் அறிவுறுத்தல் தாளில் இப்போது ஒரு வரி கூடுதலாக இருக்கிறது: வெங்காயம், உள்ளிப்பூண்டு தொட்ட கையால் குழைக்க வேண்டாம். தாளை அச்சடிக்கக் கொடுக்கும்போது அண்ணை தயங்கினார்.

"கொழும்பிலை ஆக்கள் வாசிச்சிட்டுச் சிரிக்கப் போகினம்."

"சிரிக்கட்டும், அண்ணை. எங்களுக்கு அச்சு இறுகினால் காணும்."

அந்த வரியை அவர் எடுக்கவில்லை. கையுறை வரிக்கு நேர் கீழே, அதே அளவு எழுத்தில் இருக்கிறது.