கடல் சாமந்தி சுருங்கிய நாள்

எங்கள் ஊரில் கடல் கிடையாது. மேற்கே மலை இருக்கிறது, மற்ற பக்கமெல்லாம் பஞ்சாலை இருக்கிறது. ஆனாலும் ராஜபாளையத்தில் எங்கள் வீட்டு ஹாலில், டிவி வைக்க வேண்டிய இடத்தில், அத்தை ஒரு கடலை வைத்திருந்தாள்.

அத்தை அப்பாவுக்குத் தங்கை. மில்லில் நூலைச் சோதிக்கும் லேபில் வேலை. வீட்டுக்கு வந்ததும் உப்புப் பாக்கெட்டைப் பிரித்து நல்ல தண்ணீரில் கரைத்து, கடல்நீருக்குச் சமமாக இருக்கிறதா என்று அளந்து பார்ப்பாள். அந்தத் தொட்டியில் ஒரு கடல் சாமந்தியும் இரண்டு கோமாளி மீன்களும் குடியிருந்தன. சாமந்தி பூவல்ல, பிராணி. அதன் விரல்கள் எப்போதும் அசைந்துகொண்டிருக்கும். வேறு மீன் உரசினால் கொட்டிவிடும். இந்த ஆரஞ்சு மீன்கள் மட்டும் அதற்குள்ளேயே படுத்து எழுந்தன. அதைப் பூ என்று சொன்னால் அத்தை சண்டைக்கு வருவாள். வீட்டில் எல்லோரும் பூ என்றுதான் சொன்னோம்.

நான் நாலாம் வகுப்புப் படிக்கும்போது அத்தைக்கு ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒரு வரன் வந்தது. நல்ல இடம் என்றார் அப்பா. மாப்பிள்ளையின் அம்மா போனில் பேசியது ஹால் முழுக்கக் கேட்டது. "பொண்ணு வேலைக்குப் போக வேண்டாம். அந்த மீன் தொட்டியும் எங்க வீட்டுக்கு வேண்டாம். வீட்டுக்குள்ள எதுக்கு அம்புட்டு ஈரம்?"

அத்தை அழுக்கே இல்லாத தொட்டிக் கண்ணாடியை ரொம்ப நேரம் துடைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. தொட்டியை என்னிடம் விட்டுவிட்டுப் போனால் நன்றாயிருக்கும் என்ற ஆசையும் கூடவே இருந்தது.

சாமந்திக்கு வாரத்துக்கு ஒருமுறைதான் சாப்பாடு. அதுவும் என் சுண்டுவிரல் நகமளவு இறால். அதற்குமேல் போடலாமா என்று கேட்டாலே அத்தை முறைப்பாள். அவர்கள் பெண் பார்க்க வருவதற்கு முந்தின நாள் சாயங்காலம் அவளே என்னைக் கூப்பிட்டு இடுக்கியைக் கொடுத்தாள். முழு இறால் ஒன்று போட்டேன். விரல்களெல்லாம் சேர்ந்து அதை உள்ளே இழுத்துக்கொண்டன. இன்னொன்றை எடுத்து நீட்டினாள்.

"போதும்லா அத்தை?"

"நாளைக்கு வீட்ல விசேஷம். அதுவும் நல்லாத் திங்கட்டும்."

காலையில் எழுந்து பார்த்தேன். சாமந்தி இருந்த இடத்தில் கசங்கிய பழந்துணி போல ஏதோ பாறையில் ஒட்டிக்கொண்டிருந்தது. வாய் பிதுங்கி, பழுப்பாக எதையோ கக்கியிருந்தது. இறாலைப் போட்டது நான். கொன்றதும் நான்தான்.

அவர்கள் பால்கோவாவோடு வந்து இறங்கியபோது பட்டுப் பாவாடையை விரித்துக்கொண்டு தொட்டிக்கு முன்னால் நின்றுகொண்டேன். அம்மாதான் கெடுத்தாள். "ஏட்டி, மறைச்சுக்கிட்டு நிக்காத. தள்ளு, அவிய பாக்கட்டும்."

அவர்கள் பார்த்தார்கள். அத்தை காபித் தட்டோடு வந்து நின்றபோது அவளை யாரும் பார்க்கவில்லை.

"என்னது இது, கொடல் சரிஞ்ச மாதிரி?" என்று அப்பாவைக் கேட்டார் மாப்பிள்ளையின் அம்மா. "செத்துப் போச்சா? நல்ல காரியம் பேச வந்த எடத்துல இப்படியா?" மூடி போட்ட தொட்டியிலிருந்து நாற்றம் வருவதாகவும் சொன்னார். மாப்பிள்ளை அவசரமாக மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"என்னம்மா ஆச்சு?" என்று அப்பா தங்கையைக் கேட்டார். அத்தை தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். பெண் பார்க்க வந்தால் அப்படித்தான் நிற்க வேண்டும் என்பதால் யாருக்கும் அது தப்பாகப் படவில்லை.

காபி பாதியில் நின்றது. "ஊருக்குப் போய்க் கலந்துக்கிட்டுச் சொல்லுதோம்" என்று எழுந்தார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கே தெரியும். அம்மா என் வாயில் பால்கோவாவை வைத்தாள். போய்த் துப்பிவிட்டு வந்தேன்.

மத்தியானம் அத்தை சேலையை மாற்றிவிட்டுத் தொட்டி முன்னால் உட்கார்ந்திருந்தாள். நான் போய் அவள் மடியில் விழுந்தேன். "ரெண்டு எறா போட்டு நாந்தான் கொன்னுட்டேன்" என்று சொல்வதற்குள் அழுகை வந்துவிட்டது.

அத்தை பதறிப்போனாள். "ஐயோ, காலையிலருந்து இதையா நெனச்சுக்கிட்டிருந்த? அது சாகலட்டி. வயிறு முட்டத் தின்னா மறுநாள் சக்கையக் கக்கும், உள்ள இருக்க தண்ணியவும் விட்டுச் சுருங்கும். கொஞ்ச நேரத்துல திரும்பத் தண்ணியக் குடிச்சு விரிஞ்சிரும். மீன் ரெண்டும் அதவிட்டுப் போச்சா, பாரு."

போகவில்லை. அந்தக் கசங்கலிலேயே உடம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தன. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓரத்தில் ஒரு விரல் நீண்டது. அப்புறம் இன்னொன்று. கொஞ்ச நேரத்தில் சாமந்தி முன்னைவிடப் பெரிதாக விரிந்து நின்றது. எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது போலிருந்தது. சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"அப்ப அவிய கிட்ட ஏன் சொல்லல?"

"செத்துப் போச்சான்னு அவிய ஒங்கப்பாவைல்லா கேட்டாவ. என்னையக் கேக்கலையே."

அப்பா சத்தம் கேட்டு வந்தார். சாமந்தியைப் பார்த்தார். ஸ்ரீவில்லிபுத்தூருக்குச் சொல்வதற்காகப் போனைக் கையில் எடுத்தார். பிறகு தங்கையின் முகத்தைப் பார்த்தார். போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, "அந்தப் பால்கோவா எங்க?" என்றார்.

அன்று எல்லோரும் சுற்றி உட்கார்ந்து அதைத் தின்று தீர்த்தோம். முதல் வாயை அத்தை எனக்கு ஊட்டினாள். "நல்ல வேலை செஞ்சட்டி" என்றாள்.

ஒரு பிராணிக்கு வயிறு நிறையப் போட்டதைப் பாராட்டுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். வயிறு நிறைந்தால் மறுநாள் என்ன ஆகும் என்பது, இரண்டாவது இறாலை எடுத்து நீட்டியபோதே அவளுக்குத் தெரியும் என்று அன்று எனக்குத் தோன்றவேயில்லை.