மாமா முதலில் பந்து போட்ட சனிக்கிழமை

எங்கள் குடும்பத்தில் எல்லோரும் பந்திக்கு முந்துகிறவர்கள். மாமா ஒருவர்தான் கடைசி. சாப்பாட்டில் இல்லை, அதில் அவரும் முன்வரிசைதான். ஆட்டத்தில்.

மாமா என்றால் அம்மாவின் ஒரே தம்பி. ஃபிஜியை விட்டு ஆக்லாந்துக்கு வரும்போது பெட்டி, படுக்கை, ஆட்டுக்கல்லோடு அவரையும் அம்மா கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். வாரம் முழுக்க ரொட்டி பேக்டரியில் வேலை. சனிக்கிழமை ஆனால் சாஃப்ட்பால். பேஸ்பாலுக்குத் தம்பி முறை ஆகவேண்டிய ஆட்டம் அது. பந்தைத் தோளுக்கு மேலிருந்து எறியாமல், கையை ராட்டினம் மாதிரி ஒரு சுற்றுச் சுற்றி, இடுப்புக்குக் கீழேயிருந்து விடுவார்கள்.

மாமாவும் பந்து போடுகிறவர்தான். ஆனால் ஆட்டம் தொடங்கும்போது அவரைக் கூப்பிட மாட்டார்கள். ஆலமரம் போல ஒரு சமோவாக்காரர் வந்து போடுவார். மாமா பெஞ்சில் உட்கார்ந்து வெயில் காய்வார். ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் சமோவாக்காரர் களைத்துப்போக, எதிர்ப்பக்கத்து ஆட்கள் கூச்சல் போடத் தொடங்குவார்கள். அப்போதுதான் கோச் பெஞ்சுப் பக்கம் தலையைத் திருப்புவார். மாமா போய் இரண்டு மூன்று பேரை மட்டையால் காற்றை வெட்ட வைத்து அனுப்புவார். ஆட்டம் முடிந்துவிடும். எல்லோரும் அவர் முதுகில் தட்டுவார்கள்.

அம்மாவுக்கு இதைவிடப் பெரிய மானக்கேடு இல்லை.

"நாள் பூரா குந்த வச்சிட்டு, கடைசியில எச்சில் எலை எடுக்கக் கூப்புடற மாதிரியில்ல கூப்புடறான்!"

அப்பா சும்மா இருப்பாரா? "அப்ப மச்சான் அங்க ஆடவா போறாரு? நான் வாட்ச்மேன் வேலைன்னு நெனச்சேன்."

மாமா தட்டைப் பார்த்துச் சிரிப்பார்.

ஒரு வருஷம் ஒரு சேதி வந்தது. அமெரிக்காவிலிருந்து ஒரு கிளப்பின் ஆள் சனிக்கிழமை ஆட்டத்தைப் பார்க்க வருகிறாராம். நமக்குக் குளிர்காலம் வரும்போது அங்கே கோடை. பிடித்த ஆளைக் கூட்டிப்போய், சம்பளம் கொடுத்து ஆட வைப்பார்களாம். ரொட்டி சுடாமல், பந்து எறிந்தே ரொட்டி தின்னலாம்.

"கடைசியில வந்து முடிச்சுக் குடுக்கறவனத்தான் தேடறாங்கக்கா" என்று மாமா சொன்னார். அம்மா 'அமெரிக்கா'விலேயே நின்றுவிட்டாள், மீதி அவள் காதில் ஏறவில்லை.

மறுநாள் அம்மா ஒரு டப்பா நிறைய உளுந்து வடையோடு கோச் வீட்டுக்குக் கிளம்பினாள். இங்கிலீஷுக்கு என்னை இழுத்துக்கொண்டாள். கோச் வீடு பிளாட் புஷ் பக்கம். இன்று என் மகனின் வீட்டு மார்ட்கேஜ் ஓடுகிற இடம். அன்று மாடுகள் இலவசமாக மேய்ந்தன.

கோச் முழங்கால் வரை ரப்பர் கம்பூட்ஸோடு வாசலில் நின்றார். அம்மா முதலில் வடையைக் கொடுத்தாள். அவர் ஒன்றைக் கடிக்கும்வரை பொறுத்தாள்.

"வெளியூரு ஆளு முன்னாடி எங்க புள்ளய பெஞ்சுல ஒக்கார வைக்கலாமா? மொதல்ல போட விடச் சொல்லு."

சொன்னேன். கோச் மெல்லுவதை நிறுத்தினார். இதை அவனே கேட்டானா என்று கேட்டார்.

"அவன் வாயில்லாப் பூச்சி. அவன் வாய் நான்தான்னு சொல்லு. இன்னொரு வடை எடுத்துக்கச் சொல்லு."

இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னேன். கோச் தலையைச் சொறிந்தார். கூச்சத்தில் அக்காவைத் தூது அனுப்பியிருக்கிறான், பாவம் என்று அவர் முடிவு கட்டியிருக்க வேண்டும். சரி என்று தலையாட்டிவிட்டு, இரண்டாவது வடையை எடுத்தார்.

சனிக்கிழமை அம்மா கல்யாணப் பட்டில், இன்னொரு வடை டப்பாவோடு வந்து மடக்கு நாற்காலியில் அமர்ந்தாள். ஆட்டத்துக்குக் கொஞ்சம் முன்னால் கோச் மாமாவிடம் பந்தைக் கொடுத்தார். மாமா பந்தைப் பார்த்தார். கோச்சைப் பார்த்தார். பிறகு எங்கள் பக்கம் திரும்பினார். அம்மா இரண்டு கையையும் தூக்கி ஆசீர்வாதம் பண்ணினாள். அவர் பந்தோடு மைதானத்து நடுவுக்கு நடந்துபோனார்.

அமெரிக்காக்காரர் தொப்பியும் கண்ணாடியுமாக எதிரே உட்கார்ந்திருந்தார். திடீரென்று வேலையில்லாமல் போன சமோவாக்காரர் எங்கள் வடை டப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

முதல் சுற்று அமோகம். மாமாவின் பந்து முழங்காலுக்கு வருவதுபோல வந்து மூக்குக்கு ஏறும். ஒவ்வொருவனும் வந்தான், மட்டையை வீசினான், போனான்.

"பாத்தீங்களா? இத்தன நாளு ஒளிச்சு வச்சிருந்தானுங்க!" என்று அம்மா அப்பாவை இடித்தாள்.

இரண்டாவது சுற்றில் அதே ஆட்கள் திரும்பி வந்தார்கள். மாமாவிடம் இருந்ததே அந்த ஒரு வித்தைதான். ஒரு தடவை பார்த்தவன் வாயைப் பிளப்பான். இரண்டாம் தடவை பார்ப்பவன் மூக்குக்கு நேராகவே மட்டையை வைத்துக்கொண்டு காத்திருப்பான். ஆட்டக் கடைசியில் போட்டால் இரண்டாம் தடவை வருவதற்குள் ஆட்டமே முடிந்திருக்கும். கோச்சுக்கு இது தெரியும், மாமாவுக்கும் தெரியும். பட்டுப்புடவைக்குத் தெரியாது.

முதல் அடி வேலிக்கு வெளியே போனது. அடுத்தது ரோட்டுக்கு. இன்னொன்று எங்கள் வேன் கண்ணாடியைத் தேடிக்கொண்டு வந்தது.

"இன்னிக்குத்தான் மச்சான் வேல பாக்கறாரு. எல்லாரையும் ஓட விட்டுட்டாரே!" என்றார் அப்பா.

"வாயைக் கழுவுங்க" என்றாள் அம்மா. ஆனால் குரலில் சத்து இல்லை.

கோச் பழக்க தோஷத்தில் பெஞ்சுப் பக்கம் தலையைத் திருப்பினார். அங்கே யாரும் இல்லை. வழக்கமாக அங்கே இருக்கிறவர்தானே நடுவில் நின்று அடி வாங்கிக்கொண்டிருக்கிறார்! கடைசியில் எங்கள் பக்கம் பார்த்துக் கையசைத்தார். சமோவாக்காரர் கையிலிருந்த வடையை முழுசாக வாயில் போட்டு, எண்ணெயைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு போனார். களைப்பில்லாத கை. வந்தவர்களை எல்லாம் வாயடைத்து அனுப்பிவிட்டார். அமெரிக்காக்காரர் கண்ணாடியைக் கழற்றினார்.

ஆட்டம் முடிந்ததும் அவர் நேராகச் சமோவாக்காரரிடம் போய்த் தோளில் கை போட்டார். அந்தக் குளிர்காலத்தில் விமானம் ஏறியதும் சமோவாக்காரர்தான். மாமா என் கல்யாணம் வரைக்கும் அதே பெஞ்சில் இருந்தார்.

வேனில் வீட்டுக்குத் திரும்பினோம். எல்லர்ஸ்லி தாண்டியபோது அம்மா திரும்பாமலே கேட்டாள். "அந்தத் தொப்பிக்காரன் ஒங்கிட்ட என்னடா சொன்னான்?"

"ஆரம்பம் பிரமாதம்னு சொன்னான்க்கா. மொதல்ல போட்டதுதான் ஒனக்கு நல்லதுன்னு சொன்னான்."

அந்த ஆள் மாமா இருந்த பக்கமே வரவில்லை. நான் கூடவேதான் நின்றேன். நான் வாயைத் திறந்தேன், மாமா என் வாயில் ஒரு வடையைத் திணித்தார். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நான் சொல்லல?" என்றாள். வீடு வரும்வரை அவள் பேச்சு நிற்கவில்லை.

அமெரிக்கா போகாததுகூட எனக்குப் பெரிதாகப் படவில்லை. கட்டை போல நின்று அத்தனை அடியையும் வாங்கிய மனுஷன், அக்கா திட்டுவாளே என்று பயந்து இப்படியா பொய் சொல்வார் என்று மாமாவை நினைத்து அந்த வயதில் எனக்கு ரொம்ப வெட்கமாக இருந்தது.